கை திருந்தினால் போதுமா?
அறுவைச் சிகிச்சை பெற்றுத் திரும்புவோருக்கு ஊர் செய்ய வேண்டிய பணி

அச்சு முறிந்த வண்டியைத் தச்சர் பழுது பார்த்துக் கொடுக்கிறார். அவருடைய வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அவ்வண்டி மீண்டும் அதே மேடு பள்ளமான பாதையில், அதே அளவுக்கு மீறிய பாரத்துடன் ஓடுமானால், புதிய அச்சும் நெடுநாள் தாங்காது. இது விவசாயிகள் யாவரும் அறிந்த உண்மை. பழுதுபட்ட உடலுறுப்பைத் திருத்தியமைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் இவ்வுண்மை பொருந்தும். மருத்துவமனையில் மருத்துவர் செய்வது பாதி வேலையே. மற்றப் பாதி, நோயாளி திரும்பிச் செல்லும் வீட்டிலும் தெருவிலும் ஊரிலும் நடைபெறுகிறது. அந்த மற்றப் பாதியில் பஞ்சாயத்துக்கும் அண்டை அயலாருக்கும் உள்ள பங்கு யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிரைக் காப்பதற்காகச் செய்யும் அறுவைச் சிகிச்சை ஒரு வகை. இழந்த செயலை உறுப்புக்கு மீட்டுத் தருவதற்காகச் செய்வது மற்றொரு வகை. இதனைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை என்பர். தீக்காயத்தால் ஒட்டிப்போன கழுத்தை விடுவிப்பது, பிளவுபட்ட உதட்டை இணைப்பது, கதிரடிக்கும் இயந்திரத்தில் சிதைந்த கையைச் சீர்ப்படுத்துவது ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவதும் இவ்வகையே. இக்கடைசிச் சிகிச்சை நம் தமிழ்நாட்டிலேயே வளர்ந்து உலகுக்குப் பரவியது. ஊரின் நிலை நோயாளியின் நலத்தை எவ்வாறு ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதை நமக்கு மிகத் தெளிவாகக் கற்பித்ததும் இச்சிகிச்சையே. ஆதலின் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வேலூரில் தொடங்கிய முயற்சி

பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு, தொழுநோய் மருத்துவத்தில் புகழ் பெற்றிருந்த ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். அங்கே விரல்கள் மடங்கிக் கிடந்த நோயாளிகளின் கைகளைப் பிராண்ட் ஆராய்ந்தார். வெளிப்பார்வைக்குச் செயலற்றுத் தோன்றிய கையிலும் வலுவான பிடிப்பு இருந்தது. அவ்வாறாயின், கையின் எல்லாத் தசைகளும் கெட்டுவிடவில்லை; சில தசைகள் மட்டுமே வேலையை இழந்துள்ளன என்பது விளங்கிற்று.

இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நலம். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையின் உட்புறத்தில், தவறி இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் தோன்றும் நரம்பு ஒன்று உண்டு. அது கெட்டால், விரல்களை நிமிர்த்தி ஒழுங்காக இயக்கும் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் வளைந்து கொக்கிபோல் ஆகின்றன. ஆனால் முன்கையில் உள்ள பெரிய தசைகள் பல நன்றாகவே இருக்கின்றன.

ஒரு வாய்க்கால் தூர்ந்து வயல் காய்கின்றபோது, தண்ணீர் மிகுந்துள்ள பக்கத்து வாய்க்காலிலிருந்து கிளை வெட்டி நீரைத் திருப்புகிறோம் அல்லவா? மருத்துவரும் அதனையே செய்கிறார். நன்றாக இயங்கும் தசை ஒன்றின் நாணைப் பிரித்து, தோலுக்கடியில் வழி செய்து, செயலிழந்த விரல்களில் கொண்டுபோய் இணைக்கிறார். வேலூரில் 1948ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறை, பின்னர் பாதம் தொங்கிப்போனவர்களுக்கும், கண்ணிமை மூட இயலாதவர்களுக்கும் ஏற்றவாறு விரிவு பெற்றது.

கை நேராயிற்று; வாழ்வு நேராகவில்லை

சிகிச்சை வெற்றி பெற்றது. ஆயினும் எதிர்பாராத துன்பம் ஒன்று தலைகாட்டிற்று. முதன்முதலில் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர் சிறிது காலத்துக்குப் பின் மனம் தளர்ந்து திரும்பி வந்தார். மடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைக் கண்டு போடவில்லை. தழும்பைக் கண்டவர்களோ வேலை கொடுக்கவில்லை. தங்க இடமும் கொடுக்கவில்லை. கை நலமடைந்தது, பிழைக்கும் வழியோ முன்னிலும் குறுகிப்போயிற்று.

இந்நிலைக்கு விடையாக வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ என்ற சிறு குடியிருப்பு தொடங்கப்பட்டது. கிராம வீடுகளைப் போன்ற எளிய குடில்களில் நோயாளிகள் தங்கினர். திருத்திய கைகளைக் கொண்டு தச்சு வேலை பழகினர். மரப் பொம்மைகள் செய்தனர். உணர்ச்சியற்ற கையால் உளியையும் சுத்தியலையும் காயமின்றிப் பிடிப்பது எப்படி என்று கற்றனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொழிலும் இருப்பிடமும் வேண்டும் என்ற பாடத்தை மருத்துவம் அங்கே கற்றுக்கொண்டது.

மற்றொரு செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. இரவில் உறங்கச் சென்றவர்களில் சிலர், காலையில் எழும்போது விரல் நுனியில் சதை குறைந்திருப்பதைக் கண்டனர். நோய்தான் விரலை அரிக்கிறது என்று பலரும் எண்ணினர். விழித்திருந்து காவல் காத்துப் பார்த்தபோது, எலிகள் கடிப்பது தெரிய வந்தது. விரலில் உணர்ச்சி இல்லாமையால் உறங்குபவர் விழிக்கவில்லை. அதன்பின், சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருடன் பூனை ஒன்றையும் சேர்த்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. திறமை மிக்க மருத்துவர் பல மணி நேரம் உழைத்துத் திருத்திய விரலைக் காக்க ஒரு பூனை தேவைப்பட்டது. குடியிருக்கும் வீட்டின் நிலைக்கும் உடல் நலத்துக்கும் உள்ள தொடர்பை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

வசதியற்ற இடம் நலத்தை எவ்வாறு குறைக்கிறது?

அறுவைச் சிகிச்சை தசையின் இயக்கத்தை மீட்டுத் தரும். இழந்த உணர்ச்சியை மீட்டுத் தராது. இதுவே யாவரும் முதலில் உணர வேண்டிய செய்தி. சூடும் முள்ளும் வலியைத் தாராதபோது, வலி செய்ய வேண்டிய காவலைக் கண்ணும் வழக்கமும் சுற்றுப்புறமும் செய்தாக வேண்டும். ஆதலின் சுற்றுப்புறத்தில் உள்ள ஒவ்வொரு குறையும் காயமாக மாறக் கூடும்.

முதலாவது, தண்ணீர். நரம்பு கெட்ட கை கால்களில் வியர்வை சுரப்பதில்லை. தோல் உலர்ந்து வெடிக்கிறது, வெடிப்பு புண்ணாகிறது. இதனைத் தடுக்க நாள்தோறும் சுமார் 20 நிமிடம் கை கால்களை வெறுந்தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்தெடுத்து, எண்ணெய் பூச வேண்டும். செலவற்ற சிகிச்சை இது. ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய குடும்பத்தில், குடிக்கவும் சமைக்கவும் போக, கால் ஊறவைக்கத் தண்ணீர் மிஞ்சுமா? குழாய் தெருக்கோடிக்கு வந்த ஊரில் ஆறும் வெடிப்பு, வராத ஊரில் புண்ணாகிறது.

இரண்டாவது, வெளிச்சம். உணர்ச்சியற்ற பாதத்தை நாள்தோறும் மாலையில் கண்ணால் பார்த்து, முள்ளோ கொப்புளமோ சிவப்போ உண்டா என்று தேட வேண்டும். இருண்ட குடிசையில் இது நடவாது.

மூன்றாவது, அடுப்பங்கரை. விறகடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கும் பெண்ணுக்கு, கை வெந்தது தோல் உரிந்த பிறகே தெரிகிறது. இடுக்கி, தடித்த துணி, மரக் கைப்பிடி போட்ட கரண்டி, உயரமான அடுப்புமேடை ஆகியவை சிறு பொருள்களே. எனினும் அவை இல்லாத வீட்டில் அறுவைச் சிகிச்சையின் பயன் சில மாதங்களில் கெடலாம்.

நான்காவது, பாதை. கருவேல முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் தெருவில் வெறுங்காலுடன் நடப்பவரின் பாதம் விரைவில் புண்படும். இதற்கெனத் தொழுநோய்ப் பணியகங்கள் மெத்தென்ற நுண்துளை ரப்பர்ச் செருப்புகளை வழங்குகின்றன. செருப்பு தேய்ந்தால் மாற்றுவதற்கு வட்டார மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். பேருந்து வராத ஊரில் இருப்பவர் தேய்ந்த செருப்புடனேயே காலந்தள்ளுகிறார்.

ஐந்தாவது, கூலி. கையில் அறுவைச் சிகிச்சை செய்தால் சுமார் மூன்று வாரங்கள் மாவுக்கட்டில் இருக்க வேண்டும். பிறகு பல வாரங்கள் பயிற்சி தேவை. முன்பு ஒரு வேலை செய்துவந்த தசை, இப்போது வேறொரு வேலையைச் செய்யப் பழக வேண்டும். புதிதாய்ப் பூட்டிய மாடு உழவு பழகுவதைப் போன்றது இது. ஒரே நாளில் வருவதன்று. சில மாதங்களுக்குப் பாரமான வேலை கூடாது. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்தில் இத்தனை நாள் வருமானமின்றி இருப்பது எளிதன்று. கட்டை அவிழ்த்த மறுவாரமே மண்வெட்டியைப் பிடிப்பவரின் இணைத்த நாண் இழுபட்டுத் தளர்ந்துவிடலாம். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. அவர் பயிற்சியை விட்டது அறியாமையால் அன்று, அடுப்பு எரிய வேண்டும் என்பதால்.

ஆறாவது, அயலாரின் மனப்பான்மை. தேநீர்க் கடையில் தனிக் குவளை, திருவிழாவில் தனி இடம், பெண் கொடுக்க மறுப்பு ஆகியவை இருக்கும் ஊரில், உடலில் தேமல் கண்டவர் அதை மறைக்கிறார். நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் மருத்துவரிடம் சென்றால், நரம்பின் வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகளால் கையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. மறைத்து வைத்தவர் அவ்வாய்ப்பை இழந்து, விரல் மடங்கிய பிறகே வெளிவருகிறார். அப்போதும் தாமதித்தால் விரல் மூட்டுகள் இறுகிப்போகின்றன. இறுகிய மூட்டில் அறுவைச் சிகிச்சையின் பலன் குறைவு. இவ்வாறு ஊரின் அச்சமே முதலில் ஊனத்தை உண்டாக்கி, பிறகு அதன் சிகிச்சையையும் கெடுக்கிறது.

பிற நாடுகளிலும் இதே அனுபவம்

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், 1971ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நல்ல மருத்துவம் எந்த மக்களுக்கு மிகுதியாகத் தேவையோ, அந்த மக்களுக்கே அது குறைவாகக் கிட்டுகிறது என்பதே அது. அமெரிக்காவில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியின் வருமானம், கல்வி, வேலை, வீட்டு வசதி ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பகுதிக்கொரு குறியீட்டெண் வகுக்கின்றனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் எவ்வாறு தேறுகின்றனர் என்பதை அவ்வெண்ணோடு ஒப்பிட்டு ஆராய்கின்றனர். நோயாளியின் உடலை மட்டுமன்றி அவருடைய தெருவையும் மருத்துவர் அறிய வேண்டும் என்ற கருத்து இவ்வாறு வலுப்பெற்று வருகிறது.

அச்சத்துக்கு இடமில்லை

தொழுநோய் இன்று முற்றிலும் குணமாகும் நோய். உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டில் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ தரப்படுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். சிகிச்சை தொடங்கியபின் நோய் பிறருக்குப் பரவுவதில்லை. மேலும், மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. 2005ஆம் ஆண்டு முடிவில், இந்தியாவில் இந்நோயாளிகளின் எண்ணிக்கை 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே குறைந்தது. ஆயினும் நோய் அற்றுப்போய்விடவில்லை. நாடெங்கும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டு வந்துள்ளனர்.

சட்டமும் மாறியுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் தன் பாதுகாப்புக்குள் சேர்த்தது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் விதிகள் 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. சட்டப் புத்தகத்தில் நீங்கிய வேற்றுமை தெருவிலும் நீங்க வேண்டும். அது பஞ்சாயத்தாரால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

பெருஞ்செலவின்றி ஊராட்சிகள் மேற்கொள்ளக்கூடிய பணிகள் சில உண்டு.

1. சிகிச்சைக்குரிய காலத்தைத் தேர்ந்தெடுக்க உதவுதல். விரலைத் திருத்தும் அறுவைச் சிகிச்சை அன்றே செய்ய வேண்டிய அவசரச் சிகிச்சை அன்று. ஆகவே மருத்துவரைக் கலந்து, தை அறுவடைக்குப் பின் வேலை குறைந்த மாதங்களில் அதனை வைத்துக்கொள்ளலாம். இதனால் கூலி இழப்பு குறையும். ஆனால் பருவத்தைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடலாகாது. இடைக்காலத்தில் மூட்டுகள் இறுகாதவாறு எண்ணெய் தடவி விரல்களை நீவி வர வேண்டும்.

2. உதவித் தொகை கிடைக்கச் செய்தல். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ், சீரமைப்பு அறுவைச் சிகிச்சை பெறும் தொழுநோயாளிக்கு நல உதவித் தொகை உண்டு. முன்பு 8,000 ரூபாயாக இருந்த இது பின்னர் 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உரிய சான்றுகளையும் வங்கிக் கணக்கையும் ஆயத்தம் செய்துகொடுப்பதற்கு எழுத்தறிந்த உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றால், பணம் தேவைப்படும் காலத்தில் கைக்கு வந்து சேரும்.

3. தண்ணீரும் விளக்கும். புதிய குடிநீர்க் குழாயோ தெருவிளக்கோ அமைக்கும்போது, ஊனமுற்றோர் வாழும் தெருவை முதலில் கருதுதல் வேண்டும். ஊருக்கு வெளியே ஒதுங்கி வாழ்வோரின் குடியிருப்பே பெரும்பாலும் கடைசியில் நினைக்கப்படுகிறது. அதுவே முதலில் நினைக்கப்பட வேண்டியது.

4. எலியொழிப்பும் துப்புரவும். தானியத்தை மூடிய கலங்களில் வைத்தல், கூரையையும் சுவர் வளைகளையும் செப்பனிடுதல், குப்பை மேடுகளை அகற்றுதல் ஆகியவை பயிருக்கும் நன்மை. உணர்ச்சியற்ற விரல்களுக்கும் காவல்.

5. பயிற்சி தடைப்படாமல் பார்த்தல். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஒரு பணியாகச் சேர்க்கப்பட்டது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் நோயாளியின் பெயரை முன்கூட்டியே தெரிவித்தால், மருத்துவமனையில் கற்ற பயிற்சியை ஊரில் தொடர வழி பிறக்கும்.

6. தக்க வேலை தருதல். திருத்திய கை எல்லா வேலையையும் செய்யும் என்றோ, எதையும் செய்யாது என்றோ எண்ணுதல் தவறு. நாற்றங்கால் காவல், நீர்ப் பாய்ச்சும் முறையைக் கவனித்தல், பால் கூட்டுறவுச் சங்கக் கணக்கு, கடை நடத்துதல் போன்ற வேலைகள் தொடக்கத்தில் ஏற்றவை. அரிவாள், மண்வெட்டிப் பிடிகளுக்குத் துணியோ ரப்பரோ சுற்றிப் பருமனாக்கினால் கொப்புளம் குறையும்.

7. கிராம சபையில் பேசுதல். தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆறு முறை என 2022ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டன. அவற்றுள் ஒன்றிலேனும் சுகாதார ஊழியரை அழைத்து, உணர்ச்சியற்ற தேமலைப் பற்றியும் அதற்குள்ள இலவசச் சிகிச்சையைப் பற்றியும் விளக்கச் செய்யலாம். நோயாளியின் பெயரைச் சபையில் கூறலாகாது. குணமடைந்தவர் தாமே முன்வந்து பேசுவாராயின், அதற்கு நிகரான பிரசாரம் வேறில்லை.

எல்லாக் காயங்களுக்கும் இது பொருந்தும்

தொழுநோயை எடுத்துக்காட்டாகக் கூறினோமேயன்றி, இவ்வுண்மை அதனோடு நின்றுவிடவில்லை. தீக்காயத்துக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை பெற்ற பெண், தழும்பு மீண்டும் இறுகாதிருக்கப் பல மாதங்கள் அணைப்பட்டையும் பயிற்சியும் தொடர வேண்டும். அதற்கு ஓய்வு தரும் குடும்பமும், முகத்தைக் கண்டு ஒதுங்காத அயலாரும் வேண்டும். இயந்திரத்தில் அடிபட்டுக் கை சீரமைக்கப்பட்ட தொழிலாளிக்கும் கூலியின்றிக் கழியும் மாதங்களே பெரும் சோதனை. உதடு சீராக்கப்பட்ட குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாமற் போனால், தையல் நன்றாயிருந்தும் சொல் தெளிவாக வாராது.

ஓர் ஊரின் முன்னேற்றத்தைச் சாலையின் நீளத்தாலும் கட்டடங்களின் எண்ணிக்கையாலும் அளப்பது வழக்கம். மருத்துவமனையிலிருந்து கட்டவிழ்த்து வரும் ஒருவர், ஆறு மாதம் கழித்தும் அந்தக் கையால் தம் உணவைத் தாமே பிசைந்து உண்ணுகிறாரா என்று பார்ப்பதும் ஓர் அளவுகோலே. ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லைக்குள் அவ்வாறு சிகிச்சை பெற்று வந்தோர் எத்தனை பேர், அவர்கள் இன்று எந்நிலையில் உள்ளனர் என்று இம்மாதமே விசாரித்தறிதல் நலம். குறை கண்டவிடத்து ஒரு குழாயோ, ஒரு விளக்கோ, ஒரு வேலையோ, ஓர் அன்பான சொல்லோ போதுமானதாக இருக்கலாம். மருத்துவரின் உழைப்பும் நோயாளியின் பொறுமையும் வீணாகாமற் காப்பது ஊராரின் கையில் உள்ளது.